ஆச்சியின் பூனையும் எனது கமெராவும்



நான் ஒரு படப்பிடிப்பாளர். கிளிநொச்சி மாவட்டத்தின் ஒரு கிராமத்தில், எனது வீட்டு விறாந்தையின் ஒரு பக்கத்தைப் பலகை அடித்து மறைத்து, அதற்குள் தொழில் செய்து வருகின்றேன். பாடசாலைப் பிள்ளைகளின் படம், விண்ணப்பப் படிவத்தில் ஒட்டும் சிறிய படம், பழைய படத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தல், செத்தவீட்டுப் படம் என்பனவே எனது அன்றாட வேலைகள்.

எனது தொழில் அனுபவத்தைப் பற்றி எழுதும்படி கேட்டபோது மிகவும் யோசித்தேன். தையல் செய்யும் சகோதரிகளும் கோழி வளர்க்கும் சகோதரிகளும் எத்தனையோ பயனுள்ள விடயங்களை எழுதியிருக்கின்றார்கள். நான் ஒரு பூனையைப் படம் பிடித்த கதையை எழுதினால் சிரிக்கமாட்டார்களா என்று தயங்கினேன். ஆனால் இத்தனை வருடத் தொழிலில் எனக்கு அதிகம் கற்றுத் தந்த வேலை அதுதான். ஆகவே அதையே எழுதுகின்றேன்.

நான் கமெராவைக் கேட்ட கதை

2009 சித்திரையில் எனது கணவரை இழந்தேன். அப்போது மகளுக்கு நான்கு வயது. மகனுக்கு ஒன்றரை வயது. முகாம் வாழ்க்கை முடிந்து ஊருக்குத் திரும்பியபோது கூரையில்லாத வீடும் பற்றை மண்டிய வளவும்தான் எங்களுக்காகக் காத்திருந்தன. கணவரின் படம் என்று என்னிடம் எஞ்சியது விரல் நகத்தைவிடச் சற்றே பெரிய ஒரு சிறிய படம் மாத்திரமே. அதை நகரத்தில் ஒரு ஸ்ரூடியோவுக்குக் கொண்டுபோய்ப் பெரிதாக்கினேன். கடைக்காரர் கணினியில் அந்தக் கீறல்களை ஒவ்வொன்றாக அழித்து, மங்கிப்போன முகத்தை மீட்டு எடுப்பதை இரண்டு மணித்தியாலம் பக்கத்தில் நின்று பார்த்தேன். இந்த வேலையை நானும் செய்யவேண்டும் என்ற ஆசை அன்றுதான் ஏற்பட்டது.

2013இல் ஒரு நலன்புரி நிறுவனத்தினர் பெண்களுக்குத் தொழிற்பயிற்சி தர முன்வந்தனர். தையலா, கோழி வளர்ப்பா, உணவு பதனிடலா, எது வேண்டும் என்று கேட்டார்கள். நான் கமெரா என்றேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இருந்தாலும் அவர்கள் மறுக்கவில்லை. மூன்று மாதப் பயிற்சியும், பாவித்த டிஜிற்றல் கமெரா ஒன்றும் கிடைத்தன.

தொழிலைத் தொடங்கிய பிறகுதான் உண்மை விளங்கியது. படப்பிடிப்பாளருக்கு வருமானம் கலியாண வீட்டிலும் சாமத்திய வீட்டிலும்தான் இருக்கின்றது. முதல் வருடம் ஒரு கலியாண வீட்டில் முற்பணம் தந்தார்கள். இரண்டு நாள் கழித்து வீட்டுக்காரர் வந்து படலையடியில் நின்றார். “குறை நினையாதேங்கோ தங்கச்சி. பெரியாக்கள் விரும்பினம் இல்லை. நல்ல காரியம்…” என்று இழுத்தார். அவர் வசனத்தை முடிக்கவில்லை. நானும் முடிக்கச் சொல்லவில்லை. முற்பணத்தை எடுத்துக் கொடுத்தேன். செத்தவீட்டுக்கு மட்டும் என்னைத் தயங்காமல் கூப்பிட்டார்கள்.

ஆச்சி வந்தார்

2024 தை மாதம், பொங்கல் முடிந்த கிழமை, ஒரு ஆச்சி எனது விறாந்தையில் வந்து நின்றார். எழுபது வயதிருக்கும். அடுத்த குறிச்சியிலிருந்து நடந்தே வந்திருந்தார்.

“பிள்ளை, நீதானே படம் பிடிக்கிறனி?”

“ஓம் ஆச்சி. உள்ளுக்கு வந்து இருங்கோ.”

“எனக்கில்லை மோனை. வீட்டிலை ஒரு பூனை நிக்குது. அவனைப் பிடிக்கவேணும்.”

“பூனை பிடிக்கிற வேலை எனக்குத் தெரியாது ஆச்சி. படம் எண்டால் பிடிப்பன்.”

ஆச்சி சிரித்தார். பிறகு கதிரையில் இருந்துகொண்டு விபரத்தைச் சொன்னார். 2011இல் மீளக்குடியமர்ந்தபோது, உடைந்த கிணற்றுக்கட்டுக்குப் பக்கத்தில் கத்திக்கொண்டு நின்ற குட்டி அது. கறுப்பு நிறம், கழுத்தில் மட்டும் ஒரு வெள்ளைப் புள்ளி. கறுப்பன் என்று பெயர். இப்போது பதின்மூன்று வயது. சாப்பாடு குறைந்துவிட்டது. அடிக்கடி தண்ணீர் குடிக்கின்றது. உடம்பு வற்றிக்கொண்டு போகின்றது. மிருக வைத்தியர் பார்த்துவிட்டு வயது போய்விட்டது, சிறுநீரகம் பழுதடைகின்றது என்றாராம்.

“சின்னப் படம் வேண்டாம் பிள்ளை. சட்டம் போட்டுச் சுவரிலை கொழுவிற மாதிரி முகம் தெளிவாய் வரவேணும்.”

ஒரு பூனைக்கு ஏன் இவ்வளவு செலவு என்று நான் கேட்கவில்லை. ஆனால் எனது முகத்தில் அது தெரிந்திருக்கவேண்டும். ஆச்சி சிறிது நேரம் பேசாமல் இருந்தார்.

“என்ரை மோன்ரை படம் ஒண்டும் என்னட்டை இல்லை. எல்லாம் மாத்தளன்லை பையோடை போச்சு. அவனும் அங்கைதான் காணாமல் போனவன். இருவது வயசு. முதல் எல்லாம் கண்ணை மூடினால் முகம் வரும். இப்ப குரல் வருது, நடை வருது, முகம் வருகுதில்லை மோனை. இந்தச் சீவனும் அப்பிடிப் போயிடக்கூடாது.”

மறுநாள் வருவதாகச் சொன்னேன்.

முதல் நாள்: ஒரு படமும் சரிவரவில்லை

மறுநாள் பகல் பதினொரு மணிக்குப் போனேன். மனிதரைப் பிடிப்பதுபோல ஒரு கதிரை, பின்னால் ஒரு துணி, பக்கத்தில் விளக்கு என்று ஆயத்தம் செய்தேன். ஆச்சி கறுப்பனைத் தூக்கி வந்து கதிரையில் வைத்தார். அவன் என்னையும் விளக்கையும் ஒரு தரம் பார்த்தான். அடுத்த கணம் கதிரையில் அவன் இல்லை.

பின்னேரம் வரை முயன்றேன். ஏறத்தாழ நூற்று நாற்பது படங்கள். வீட்டுக்கு வந்து கணினியில் போட்டுப் பார்த்தபோது அழுகை வந்துவிட்டது. சிலவற்றில் வால் மட்டும். சிலவற்றில் முகம் அசைந்து கலங்கியிருந்தது. அசையாமல் இருந்தவற்றில் கண் இரண்டும் பச்சை விளக்குப்போல எரிந்தன. மிகுதிப் படங்களில் உருவமே தெரியாத ஒரு கரிக்கட்டி. அந்தக் கரிக்கட்டியைச் சட்டம் போட்டு ஆச்சியிடம் எப்படிக் கொடுப்பது?

அன்றிரவு மகளின் கைத்தொலைபேசியில் தேடித்தேடி வாசித்தேன். பிழை பூனையிடம் இல்லை, என்னிடம்தான் இருந்தது என்பது விளங்கியது. நான் விளங்கிக்கொண்டவற்றை வரிசையாகத் தருகின்றேன்.

கண்

பூனையின் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி போன்ற ஒரு படலம் இருக்கின்றது. உள்ளே வந்த ஒளியை அது திருப்பி அனுப்புவதால், மங்கிய வெளிச்சத்திலும் பூனைக்கு நன்றாகத் தெரிகின்றது. இரவில் ரோச் லைற் அடித்தால் பூனையின் கண் மின்னுவது இதனால்தான். கமெராவிலுள்ள பிளாஷ் நேராக அடிக்கும்போதும் அதுவே நடக்கின்றது. ஆகவே பிளாஷைக் கட்டாயம் நிறுத்திவிட வேண்டும். பூனை பயப்படாமலிருக்கவும் அது நல்லது.

நான் போன நேரமும் பிழை. உச்சி வெயிலில் பூனையின் கண்மணி நூல்போல் ஒடுங்கி நிற்கும். பார்ப்பவருக்கு அது கோபமான முகமாகத் தோன்றும். காலை ஏழு மணிக்கும் எட்டரைக்கும் இடையில், யன்னலோரத்து மெல்லிய வெளிச்சத்தில் கண்மணி விரிந்து முகம் சாந்தமாகத் தெரியும். யன்னல் பூனைக்குப் பக்கவாட்டில் இருக்கவேண்டும். அப்போது கண்ணில் ஒரு சிறிய வெள்ளைப் புள்ளியாக யன்னலின் வெளிச்சம் விழும். அந்தப் புள்ளி இல்லாவிட்டால் எந்த முகமும் உயிரற்றதாகவே இருக்கும். மனிதருக்கும் இதே விதிதான்.

காதும் மூக்கும்

எமது காதுக்கு ஏறத்தாழ 20,000 ஹேர்ட்ஸ் வரையான ஒலியே கேட்கும். பூனைக்கு அதைப்போல மூன்று மடங்கு உயர்ந்த ஒலியும் கேட்கும். எலிகள் தமக்குள் பேசும் மெல்லிய ஒலியைக் கேட்பதற்காக அமைந்த காது அது. கமெராவின் ‘கிளிக்’ சத்தம் எமக்குச் சாதாரணம். பூனைக்கு அது முன்னால் நிற்கும் புதிய பிராணி ஒன்றின் சத்தம். முதல் நாள் நான் ஒவ்வொரு தரம் அழுத்தியபோதும் கறுப்பனின் காது பின்னால் மடங்கியதைப் படங்களில் பிறகுதான் கவனித்தேன்.

மணமும் அப்படித்தான். புதிய பொருள் ஒன்றை மணந்து பார்த்து, தனது கன்னத்தை அதில் உரசித் தன் மணத்தை வைத்த பிறகே பூனை அதை ஏற்றுக்கொள்ளும். கமெராப் பையை முதலில் நிலத்தில் வைத்துவிட்டு விலகி இருக்கவேண்டும்.

இன்னொன்று: கைக்கு எட்டும் தூரத்திலும் குறைவாக, ஒரு சாணுக்குள் இருக்கும் பொருளில் பூனையால் பார்வையைக் கூர்மையாகக் குவிக்க முடியாது. ஆகவே மூக்குக்கு முன்னால் எதையாவது ஆட்டினால் பயன் இல்லை. இரண்டு முழத் தூரத்தில் ஈர்க்கு நுனி ஒன்று மெதுவாக அசைந்தால் போதும், தலையை நிமிர்த்திப் பார்க்கும்.

கறுப்பு நிறம்

கரிக்கட்டிக்கு வருகின்றேன். கமெரா எந்தக் காட்சியையும் ஒரு நடுத்தரச் சாம்பல் வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். வெள்ளைச் சுவருக்கு முன்னால் கறுப்புப் பூனை இருந்தால், சுவரின் வெளிச்சத்தைப் பார்த்துப் படம் முழுவதையும் அது இருட்டாக்கிவிடும். பூனையின் உருவம் அதற்குள் மறைந்துபோகும். அப்போது வெளிச்ச அளவை ஒரு படி கூட்டிவைக்க வேண்டும். மாறாக, கறுப்பு முகமே படம் முழுவதையும் நிரப்பினால் கமெரா அதைச் சாம்பல் நிறமாக வெளுக்க வைக்கும். அப்போது ஒரு படி குறைக்க வேண்டும். வெள்ளைப் பூனை படத்தை நிரப்பினால் அழுக்குச் சாம்பலாக வரும். அதற்குக் கூட்ட வேண்டும். பின்னணிக்கு வெள்ளைச் சுவரைவிட மண் நிறமோ கடும் பச்சையோ உகந்தது. நான் எனது பழைய பச்சை நூற்சேலை ஒன்றைப் பாவித்தேன். பக்கத்திலிருந்து வரும் வெளிச்சத்தில் கறுப்பு மயிர் எண்ணெய் பூசியதுபோல மினுங்கும். அப்போதுதான் கன்னமும் கழுத்தும் பிரிந்து தெரியும்.

வேகம்

சும்மா இருப்பதுபோல இருக்கும் பூனையும் மூச்சுக்கு மூச்சு அசைந்துகொண்டுதான் இருக்கும். ஷட்டர் வேகம் ஒரு செக்கனில் 250இல் ஒரு பங்காவது இருக்கவேண்டும். விளையாடும் பூனைக்கு 500இல் ஒரு பங்கு வேண்டும். காலை வெளிச்சத்தில் அந்த வேகம் வேண்டுமானால் ஐ.எஸ்.ஓ. அளவை 800, 1600 என்று கூட்டவேண்டி வரும். படம் சற்றுப் பொரிப்பொரியாகத் தெரிந்தாலும் பரவாயில்லை, அசைந்து கலங்கிய படத்தைத் திருத்த முடியாது. லென்ஸின் துவாரத்தை எஃப் 2.8 அல்லது 4 அளவுக்குத் திறந்து, கமெராவுக்குக் கிட்ட உள்ள கண்ணில் குவியத்தை வைக்கவேண்டும். மூக்கில் வைத்தால் கண் கலங்கிவிடும்.

பூனையின் வேகம் அறிவாளிகளையும் திணறடித்த ஒன்று. மேலிருந்து விழும் பூனை எப்படிக் காலால் இறங்குகின்றது என்பது நெடுங்காலமாகப் புதிராக இருந்தது. 1894இல் பிரான்ஸ் நாட்டு அறிஞர் எத்தியென் ஜூல் மரே தொடர் படங்களாக எடுத்துக் காட்டிய பிறகுதான், அது காற்றிலேயே உடலைத் திருப்பிக்கொள்வதை எல்லோரும் கண்ணால் கண்டார்கள்.

எமக்கு முன்னே சென்றவர்கள்

பூனையைப் படம் பிடிப்பதை ஒரு தொழிலாகவே செய்தவர்கள் இருக்கின்றார்கள் என்பது எனக்குப் பெரும் ஆறுதலாக இருந்தது. இங்கிலாந்தில் பிரைற்றன் நகரில் ஹரி பொயின்ரர் என்பவர் 1870ஆம் ஆண்டுகளில் பூனைகளைப் படம் பிடித்து, சிறிய அட்டைகளாக விற்றார். முதலில் பால் குடிக்கும் பூனை, கூடைக்குள் தூங்கும் பூனை என இயல்பாக எடுத்தார். பிறகு வேடிக்கையான நிலைகளில் வைத்து எடுத்து, வாழ்த்து வாசகமும் சேர்த்தார். 1884 அளவில் அவரிடம் ஏறத்தாழ 200 படங்கள் சேர்ந்திருந்தன. அந்தக் காலத்துக் கமெராவில் இதைச் செய்ய எவ்வளவு பொறுமை வேண்டியிருந்திருக்கும்!

மற்றவர் அமெரிக்கரான வோல்ரர் சண்டோஹா. இரண்டாம் உலகப் போரில் இராணுவப் படப்பிடிப்பாளராக இருந்தவர். போர் முடிந்து படித்துக்கொண்டிருந்த காலத்தில், 1949இல் நியூயோர்க் நகரில் ஒரு குளிர்கால இரவு, பனியில் நடுங்கிக்கொண்டு நின்ற பூனைக்குட்டி ஒன்றைத் தனது மேலங்கிக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். அந்தக் குட்டியை எடுத்த படங்கள் அவரது வாழ்க்கையையே மாற்றின. 2019இல் தமது 98ஆவது வயதில் இறக்கும் வரையில் அவர் எடுத்த பூனைப் படங்கள் 90,000 வரை என்கின்றார்கள். பூனைகளைச் சமாளித்து நிறுத்துவதற்கு மனைவி மரியா துணை நின்றார். அவரது முக்கியமான முறை, பூனையின் கண் மட்டத்துக்குத் தானும் இறங்கிப் பிடிப்பது. போரைப் படம் பிடித்த கை பிறகு பூனையைப் படம் பிடித்தது என்பதை வாசித்தபோது ஏனோ எனது மனம் இலேசானது.

இரண்டாம், மூன்றாம் நாள்கள்

இரண்டாம் நாள் ஒரு படமும் எடுக்கவில்லை. கமெராப் பையை முற்றத்தில் வைத்துவிட்டு, ஆச்சியோடு இருந்து முருங்கையிலை ஆய்ந்தேன். கறுப்பன் பையை மணந்தான், உரசினான், பிறகு அதன்மேலே ஏறிப் படுத்தான். அவனைப் பார்த்து நான் கண்ணை மெதுவாக மூடித் திறந்தேன். 2020இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்திருக்கின்றார்கள். அறியாத மனிதர் ஒருவர் இப்படி மெதுவாகக் கண்ணை மூடித் திறந்தால் பூனை அவரிடம் நெருங்கி வருவது கூடுகின்றதாம். பூனை கண்ணை மூடினால் உலகம் இருண்டு விடும் என்று நாம் கேலியாகச் சொல்வோம். உண்மையில் பூனை கண்ணை மூடுவது உன்னை நம்புகின்றேன் என்பதற்காகத்தான்போலும். மூன்றாம் தரம் கறுப்பனும் திரும்பக் கண்ணை மூடினான்.

மூன்றாம் நாள் விடிய ஆறே முக்காலுக்குப் போனேன். அவனைத் தூக்கவில்லை. அவன் வழக்கமாகப் படுக்கும் யன்னலோரத்து வாங்கிலில் பச்சைச் சேலையை விரித்துவிட்டுக் காத்திருந்தேன். அரை மணித்தியாலத்தில் தானாகவே வந்து படுத்தான். நான் நிலத்தில் பாய் போட்டு, வயிறு நிலத்தில் படக் குப்புறப் படுத்தேன்.

அந்த நேரம் பார்த்து அயல்வீட்டு மனுசி தண்ணீர் எடுக்க வந்தார். நான் படுத்திருந்த கோலத்தையும் பூனையையும் பார்த்தார். “விடியக் காலமை கறுப்புப் பூனையும் இவவும். சகுனம் ரெண்டும் ஒண்டாய்ச் சேர்ந்திட்டுது” என்று பகிடிபோலச் சொன்னார். பகிடிதான். ஆனாலும் எனக்குக் கை நடுங்கிவிட்டது.

ஆச்சி குசினிக்குள் இருந்தபடியே பதில் சொன்னார். “அவன் பதின்மூண்டு வருசமாய் விடிய விடிய எனக்குக் குறுக்காலைதான் போறான். எனக்கு வந்த கேடெல்லாம் அவன் வாறதுக்கு முதலே வந்து முடிஞ்சுது.”

அயல்வீட்டு மனுசி ஒன்றும் பேசாமல் வாளியைத் தூக்கிக்கொண்டு போனார். நான் கமெராவைக் கண்ணில் வைத்தேன். இருபது நிமிடத்தில் முப்பத்தைந்து படங்கள். அவற்றில் எட்டு நன்றாக வந்திருந்தன. உப்பில்லாமல் அவித்து முள் எடுத்த சூடை மீன் ஒரு துண்டு அவனுக்குச் சம்பளம்.

ஆச்சி தெரிந்த படம்

எட்டுப் படங்களையும் சிறிதாக அச்சிட்டுக் கொண்டுபோனேன். கண் இரண்டும் நேராகப் பார்த்து, ஒளிப்புள்ளி விழுந்து, மீசை மயிர் ஒவ்வொன்றும் எண்ணக்கூடியதாக இருந்த படத்தை மேலே வைத்திருந்தேன். தொழில் முறைப்படி அதுதான் சிறந்த படம்.

ஆச்சி அதைப் பார்த்தார். “வடிவாய்த்தான் இருக்கு” என்று சொல்லிக் கீழே வைத்தார். எல்லாவற்றையும் பார்த்து முடித்து, கடைசியில் இருந்த ஒன்றை எடுத்தார். அது நான் கழித்துவிட நினைத்தது. அதில் கறுப்பன் எனக்கு முகத்தைத் திருப்பி, யன்னல் வழியே படலைப் பக்கம் பார்க்கின்றான். ஒரு கண்ணும், சண்டையில் கிழிந்த இடது காதும், கழுத்துப் புள்ளியும்தான் தெரிகின்றன.

“இதுதான் பிள்ளை அவன். நான் கடைக்குப் போனால் இப்பிடித்தான் படலையைப் பார்த்துக்கொண்டு இருப்பான்.”

அன்று நான் ஒன்றைத் தெரிந்துகொண்டேன். எது சரியான படம் என்று தீர்மானிப்பவர் படம் பிடிப்பவர் அல்லர், அந்த முகத்தோடு வாழ்ந்தவர்தான். இப்போது நான் யாரைப் படம் பிடிக்கப் போனாலும், அவர் வழக்கமாக எங்கே இருப்பார், எதைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று முதலில் வீட்டாரிடம் கேட்கின்றேன்.

ஒரு அல்பத்திலிருந்து

அந்தப் படத்தை ஆச்சியின் சொற்படி கனடாவிலுள்ள அவரது பெறாமகளுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். பூனைக்குப் படம் எடுத்த காரணத்தையும் எழுதினேன். இரண்டு நாளின் பின் அவரிடமிருந்து பதில் வந்தது. 2003இல், சமாதான காலத்தில் நடந்த தனது கலியாண அல்பம் தன்னிடம் இருக்கின்றது என்றும், 2004இல் வெளிநாடு வரும்போது அதைக் கொண்டுவந்ததாகவும், அதில் ஆச்சியின் மகன் எங்காவது நிற்கின்றானா என்று பார்ப்பதாகவும் எழுதியிருந்தார். இத்தனை வருடமாக இதை ஒருவரும் யோசிக்கவில்லை. ஆச்சி கேட்கவில்லை. பெறாமகளும் ஆச்சியிடம் படம் இல்லை என்பதை அறிந்திருக்கவில்லை.

ஒரு படத்தில் அவன் நின்றான். மணவறைக்குப் பின்னால், பெரியவர் ஒருவரின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்கும் முகம். ஒரு பெருவிரல் நகம் அளவு. பதினான்கு வயது. அல்பத்திலிருந்து கழற்றி, தட்டையாக வைத்து, உயர்ந்த அளவில் ஸ்கான் செய்து அனுப்பச் சொன்னேன். மூன்று இரவு அதில் வேலை செய்தேன். இல்லாததை நான் வரையவில்லை. தூசியையும் கீறலையும் மட்டும் எடுத்தேன், நிறத்தைச் சரிசெய்தேன். இப்போது கணினி தானாகவே முகத்தைத் தெளிவாக்கித் தரும் வசதிகள் வந்துவிட்டன. ஆனால் அது தெரியாத இடத்துக்குத் தானே ஒரு கண்ணையும் மூக்கையும் போட்டுவிடும். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அது வேறொருவரின் முகம். மங்கலாக இருந்தாலும் அது அவனாகவே இருக்கவேண்டும் என்று நினைத்தேன்.

ஆச்சி அந்தப் படத்தை நெடுநேரம் வைத்துக்கொண்டிருந்தார். “இது பதின்னாலு” என்று மட்டும் சொன்னார். பிறகு, “மற்றது எனக்கு இனி வரும்” என்றார்.

சட்டம் போடவா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். சுவரில் படம் கொழுவினால் என்ன அர்த்தம் என்பது உங்களுக்கும் தெரியும் சகோதரிகளே. கறுப்பன் அந்த வருடம் ஆடியில் இறந்துவிட்டான். அவனது படம் ஆச்சி வீட்டுச் சுவரில் இருக்கின்றது. மகனின் படம் காணி உறுதியோடு சேர்த்துத் துணிப்பைக்குள் இருக்கின்றது. கிளிநொச்சியில் 2017 மாசியில் வீதியோரம் இருக்கத் தொடங்கிய தாய்மாரோடு ஆச்சியும் அவ்வப்போது போய் இருந்தவர். அதுவரை அவர் வெறுங்கையோடுதான் இருந்தார்.

உங்களுக்குச் சில வார்த்தைகள்

உங்களில் பலரிடமும் படங்கள் இல்லை என்பதை அறிவேன். வெளியிலுள்ள உறவினரிடம், பழைய அயலவரிடம், பாடசாலை ஆசிரியரிடம் கேளுங்கள். கலியாண அல்பம், கோவில் திருவிழாப் படம், விளையாட்டுப் போட்டிப் படம் என எதற்குப் பின்னாலாவது உங்களுடைய முகம் நிற்கக்கூடும். கிடைத்தால் மூன்று பிரதி எடுத்து மூன்று வெவ்வேறு வீடுகளில் வையுங்கள். தொலைபேசியில் மட்டும் வைத்திருப்பது போதாது.

செல்லப்பிராணிகளைப் படம் பிடிக்க விரும்பும் சகோதரிகளுக்கு: கையிலுள்ள தொலைபேசியே தொடக்கத்துக்குப் போதும். பூனையைக் கட்டிவைக்கவோ சட்டை போட்டுவிடவோ வேண்டாம். காதை மடித்தால், வாலை அடித்தால் நிறுத்திவிடுங்கள். அழகுக்காக லில்லிப் பூவைப் பக்கத்தில் வைக்காதீர்கள், அது பூனைக்குக் கொடிய நஞ்சு. பூனை கடித்தாலோ கீறினாலோ அலட்சியம் செய்யாமல், சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே அரசாங்க வைத்தியசாலைக்குப் போங்கள். விசர்நோய் பூனையாலும் பரவும்.

கறுப்பனுக்குப் பிறகு ஆறு பூனைகளையும் நான்கு நாய்களையும் ஒரு பசுவையும் படம் பிடித்திருக்கின்றேன். பெரும்பாலும் வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள், அம்மாவோடு வாழும் பிராணியின் படம் வேண்டும் என்று கேட்டு எடுத்தவை. அந்தக் காசில் ஒரு 50 மில்லிமீற்றர் லென்ஸ் வாங்கினேன். கலியாண வீட்டுக்காரர் இன்னும் கூப்பிடவில்லை. ஆனால் ஆச்சி வீட்டுக் கிணற்றடியில் வாளியோடு நின்ற அந்த அயல்வீட்டு மனுசி, சென்ற மாதம் எனது விறாந்தைக்கு வந்தார். கையில் ஒரு பழைய படம். பின்வரிசையில் நிற்கும் ஒருவரைக் காட்டி, இந்த முகத்தைப் பெரிதாக்க முடியுமா என்று கேட்டார்.

இருக்கச் சொல்லித் தேத்தண்ணி கொடுத்தேன். படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முடியும் என்றேன்.